தரவையின் அடுக்குகளை ஆண்டுக் கணக்காக எண்ணலாமா?

கேள்வி: மன்னாரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, கடலோரத் தரவையில் வெட்டியிருந்த குழியொன்றின் பக்கச் சுவரில் கருஞ்சேறும் வெளிறிய மணலும் மாறிமாறிப் படிந்திருக்கக் கண்டேன். மரத்தின் வளையங்களைப் போல இவற்றையும் அடுக்குக்கு ஓர் ஆண்டு என்று எண்ணலாமா? கொழும்புக் கரையில் ஏன் இப்படிக் காணக் கிடைப்பதில்லை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: எண்ண முடியாது. இத்தகைய தரவை போன்ற, கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு நிலத்தில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட மென்படைகள் படியவும் கூடும். ஒரே புயல் பல ஆண்டுகளின் படிவை அரித்துச் செல்லவும் கூடும்.

எது எங்கே படியும் என்பதை நீரோட்டத்தின் வேகமே தீர்மானிக்கிறது. பெருக்கின்போது விரைந்து வரும் நீர் மணலை உருட்டி வந்து, வேகம் தணிந்ததுமே போட்டுவிடுகிறது. நுண்களி இறங்குவதற்கோ, பெருக்கு முடிந்து வற்று தொடங்குமுன் நீர் ஏறத்தாழ அசையாது நிற்கும் சிறு இடைவேளை வேண்டும். ஆனால் 2 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள தனிக் களித்துகள் ஒன்று அசையாத நீரில் ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்கே ஏறக்குறைய 3 நாட்கள் பிடிக்கும். அப்படியிருந்தும் சேறு படிவதற்குக் காரணம், கடல்நீரின் உப்பில் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, தனித்துகளைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக இறங்குவதுதான். இறங்கி இறுகிய சேற்றைப் பெயர்த்தெடுக்க, அதைப் படியவிட்ட நீரோட்டத்தைவிட வலுவான நீரோட்டம் தேவை; ஆகவே வற்றும் நீர் கொண்டுவந்த அனைத்தையும் திருப்பி எடுத்துச் செல்வதில்லை. கரைப்பக்கம் சேறும் கடற்பக்கம் மணலுமாகத் தரவை பிரிந்து கிடப்பது இதனால்தான்.

நீங்கள் கண்ட கருமை, காற்றுப் புகாத சேற்றில் உயிர்ப்பொருள் சிதையும்போது உண்டாகும் இரும்புச் சல்பைட்டினால் வருவது. குழியிலிருந்து எடுத்த சேற்றைச் சிறிது நேரம் வெளியில் வைத்தால், காற்றுப்பட்டு அது கபில நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். ஆதலால் நிறம் மாறும் இடமெல்லாம் புதிய அடுக்கின் தொடக்கம் என்று கொள்ளக்கூடாது. மன்னார்ப் பகுதியில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அருவியாறு கொண்டுவரும் களியும் இதில் சேர்கிறது. போதாக்குறைக்கு நண்டுகளும் புழுக்களும் துளையிட்டு, படிந்த அடுக்குகளை ஓயாமல் கலக்கிவிடுகின்றன.

ஆயினும் அடுக்குகளை எண்ணிக் காலத்தை அறிந்த அரிய இடங்களும் உண்டு. அமாவாசை, பூரணையை ஒட்டிய பெருக்குகளில் தடித்த படையும் இடைநாட்களில் மெல்லிய படையும் படிவதால், கலக்கப்படாத இடங்களில் ஏறக்குறைய 15 நாள் சுழற்சி தெளிவாகத் தெரியும். தென் அவுஸ்திரேலியாவின் எலற்றினா என்னும் பாறைப்படிவை ஆராய்ந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ், சுமார் 62 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஒரு நாள் ஏறக்குறைய 22 மணி நேரமாகவும், ஓர் ஆண்டு சுமார் 400 நாட்களாகவும் இருந்தன என்று இம்முறையால் கணித்தார். சேற்றுப் படிவுகளிலிருந்து நிலவின் கணக்கை மீட்டெடுத்த இந்த ஆய்வு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கொழும்பில் பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. கனடாவின் பண்டி விரிகுடாவில் அது 16 மீற்றர் வரை செல்லும். அத்துடன் திறந்த கடலை நோக்கிய கொழும்புக் கரையில் அலைகள் நுண்சேற்றைத் தங்க விடுவதில்லை. அருகில் பார்க்க விரும்பினால், அலைத் தாக்கம் குறைந்த நீர்கொழும்புக் களப்பின் கண்டல் ஓரங்கள் பொருத்தமானவை.

அடுத்த முறை மன்னாரில் பார்க்கும்போது, குழியின் சுவரை மெல்லிய தகட்டால் சீவிச் சற்றுக் காயவிடுங்கள். மணல் முன்னதாக உலர்வதால் படைகள் பிரிந்து தெரியும். சேற்றின் நடுவே சிப்பித்துண்டுகளுடன், கீழ் விளிம்பு கூர்மையாக வெட்டுண்ட தடித்த மணற்படை தென்பட்டால் புயலையோ கடற்கோளையோ ஐயுறலாம். அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் பழைய ஆழிப்பேரலைகளை ஆய்வாளர் இனங்கண்டது இத்தகைய மணற்படைகளைக் கொண்டே. வயதை உறுதிசெய்ய, அண்மைக் காலப் படிவுகளுக்கு ஈயம்-210 முறையும் பழையவற்றுக்குக் கதிரியக்கக் கரிம முறையும் தேவைப்படும். வங்காலை போன்ற சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றிக் குழி தோண்ட வேண்டாம்.