பத்தாயிரம் ஆம்பியரும் ஒன்றரை முழக் கம்பியும்: கேள்வி பதில்

மின்னல் போன்ற திடீர் மின்வீச்சிலிருந்து கருவிகளைக் காக்கும் லைட்னிங் அரஸ்டர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாம் மின்னலைத் தாங்குமா என்று பார்க்க, லேபிலேயே மின்னல் போன்ற மின்னோட்டத்தை உண்டாக்குவதுதான் பல வருடம் என் வேலை. இப்போது சத்துவாச்சாரியில் வீட்டோடு இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: சார், 8/20 அலையில் 10 கிலோ ஆம்பியர் வேண்டுமென்றால் எவ்வளவு பெரிய சப்ளை தேவை?

சப்ளை பெரிதாக வேண்டாம் தம்பி. ஏரியை மெதுவாக நிரப்பி மதகை ஒரே மூச்சில் திறக்கிற கதைதான். கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, ஸ்பார்க் கேப் (இடைவெளியில் பொறி பாய்ந்து இணைக்கும் சுவிட்ச்) வழியாக, ஒரு ரெசிஸ்டரும் காயிலும் (கம்பிச் சுருள்) சேர்த்து, சோதிக்கிற பொருளுக்குள் கொட்டுகிறோம். மின்னோட்டம் சுமார் 8 மைக்ரோ செகண்டில் உச்சத்துக்கு ஏற வேண்டும், 20-இல் பாதியாக இறங்க வேண்டும், அதுதான் 8/20 அலை. கணக்கு சுலபம்: காயிலின் மைக்ரோ ஹென்றியையும் கெப்பாசிட்டரின் மைக்ரோ ஃபாரடையும் பெருக்கினால் 65 வர வேண்டும், உச்ச கிலோ ஆம்பியர் என்பது கிலோவோல்ட்டை மைக்ரோ ஃபாரடால் பெருக்கி 14-ஆல் வகுத்தது. 10 மைக்ரோ ஃபாரட், 14 கிலோவோல்ட் என்றால் 10 கிலோ ஆம்பியர் வந்துவிடும், காயில் 6.5 மைக்ரோ ஹென்றி, ரெசிஸ்டர் 0.7 ஓம். சேமித்த சக்தி 980 ஜூல்தான், 100 வாட் பல்பு பத்து செகண்ட் எரிகிற அளவு.

அதே வோல்ட்டில் 100 கிலோ ஆம்பியர் கேட்டால்தான் சிக்கல். 100 மைக்ரோ ஃபாரட் போட்டால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், ஹென்றியில் அளப்பது) மொத்தமே 0.65 மைக்ரோ ஹென்றிக்குள் அடங்க வேண்டும், வெறும் கம்பிக்கும் அது உண்டு என்பதால் ஒன்றரை முழக் கம்பி போட்டாலே அந்த அளவு தீர்ந்துவிடும். அதனால்தான் கெப்பாசிட்டர்களை லாடம் மாதிரி வளைத்து நிறுத்தி, நடுவில் பொருளை வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் அகலமான செப்புத் தகடு போடுகிறோம்.

ராணிப்பேட்டை, மெயின்டனன்ஸ் பிரிவு: இதை எப்படி அளக்கிறீர்கள்?

ரோகோவ்ஸ்கி காயில் (மின்னோட்டம் போகும் கம்பியைச் சுற்றி மாட்டும் சுருள்), இல்லையென்றால் கோஆக்சியல் ஷன்ட் (மின்னோட்டத்தைத் தனக்குள் விட்டு அளக்க உதவும் மிகச் சிறிய ரெசிஸ்டர்). 1 மில்லி ஓம் ஷன்ட்டில் 10 கிலோ ஆம்பியர் போனால் 10 வோல்ட், அதை ஆசிலாஸ்கோப்பில் பார்க்கலாம்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்: அண்ணே, சர்ஜ் புரொடெக்டர் போட்டும் மோட்டாரை ஓட்டும் டிரைவ் கார்டு போய்விட்டது. புரொடெக்டருக்குப் போகும் கம்பி இரண்டு மீட்டர் இருக்கும், அழகாக வளைத்துக் கட்டியிருந்தேன்.

அந்த இரண்டு மீட்டர்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கம்பியின் இண்டக்டன்ஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி. 10 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ செகண்டில் ஏறினால் மீட்டருக்கு 1,250 வோல்ட் விழும். உங்கள் கம்பியில் 2,500, அதோடு புரொடெக்டரின் சொந்த வோல்ட்டேஜ், எல்லாம் சேர்ந்து கார்டின் தலையில். இரண்டு பக்கக் கம்பியும் சேர்த்து அரை மீட்டரைத் தாண்டாமல், வளைக்காமல் நேராகப் போடுங்கள், அழகு முக்கியமில்லை.

குடியாத்தம், ஒரு தாய்: மகனுக்கு இப்படிப்பட்ட லேபில் வேலை கிடைத்திருக்கிறது. பயமாக இருக்கிறது ஐயா.

பயம் நியாயம்தான் அம்மா. ஆரம்பத்தில் ஒரு நாள், டிஸ்சார்ஜ் செய்த கெப்பாசிட்டர்தானே என்று அதன் இரு முனைகளையும் இணைத்திருந்த ஷார்ட் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்குரூ டிரைவரை வைத்ததும் பட்டென்று நீலப் பொறி, நுனி உருகி ஒரு மணி போல நின்றது. உள்ளே இருக்கும் காப்புப் பொருள் உறிஞ்சி வைத்த சார்ஜ் மெல்ல மெல்ல முனைக்குத் திரும்பி வரும், அதுதான் காரணம். எர்த் ராடால் (எர்த்தோடு இணைத்த கோல்) தொட்டுவிட்டு, முனைகளை ஷார்ட் செய்து, வேலை முடியும்வரை அந்தக் கம்பியை எடுக்கவே கூடாது என்று மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.