சாட்டிலைட்டுக்கு மேகம்தானே தெரியும், ஹரிகேனுக்குள்ள பெய்யுற மழையை எப்படி அளக்குறாங்க?

டிவில காட்டுற வெள்ளைச் சுருளைப் பாத்துட்டுக் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன், நானும் 2017 ஆகஸ்ட் வரைக்கும் அப்படித்தான். அப்போ ஹூஸ்டன்ல இருந்தோம். ஹார்வி புயல் வெள்ளிக்கிழமை ராத்திரி டெக்சாஸ் கரையில ராக்போர்ட் பக்கம் கேட்டகரி 4-ஆ கரை ஏறுச்சு, மறுநாளே வலு குறைஞ்சிடுச்சுன்னு நியூஸ்ல சொன்னதும் கண்டம் தாண்டியாச்சுன்னு படுத்துட்டோம். ஞாயிறு விடியக்காலை எந்திரிச்சு கால வச்சா கார்பெட் சொதசொதன்னு இருக்கு, ஹால்ல லேமினேட் பலகை இடுக்குலேருந்து தண்ணி குமிழ் குமிழா வருது. கேட்டகரிங்கிறது காத்து வேகம் மட்டும்தான், மழையைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லாதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு. டெக்சாஸ்லயே நெடர்லாண்ட்னு ஒரு ஊர்ல அந்தப் புயல்ல மொத்தம் 60.58 இன்ச், 1,500 மில்லிமீட்டருக்கு மேல! சென்னையில வழக்கமா ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது.

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதைச் சொல்றேன். நான் வானிலை படிச்சவன் இல்ல, தப்பிருந்தா திருத்துங்க, சண்டைக்கு வராதீங்க. நாசாவும் ஜப்பான் விண்வெளி நிறுவனம் ஜாக்ஸாவும் 2014-ல விட்ட ஜிபிஎம்ங்கிற மழை அளக்குற சாட்டிலைட்ல ரேடாரே இருக்கு. அது அனுப்புற அலை மழைத்துளியில பட்டுத் திரும்பி வர நேரத்தை வச்சு எந்த உயரம்னும், திரும்பி வர அலையோட வலுவை வச்சு எவ்வளவு மழைன்னும் சிடி ஸ்கேன் மாதிரி அடுக்கடுக்கா எடுத்துடும். கூடவே 13 சேனல் மைக்ரோவேவ் கருவி ஒண்ணு, மேகத்தைத் தாண்டி உள்ள இருக்குற மழையையும் பனித்துகளையும் பாக்கும். இதுக்கு முன்னாடி 1997-ல போன டிஆர்எம்எம்தான் முதல் மழை ரேடார் சாட்டிலைட். அது எடுத்த படங்களை வச்சுத்தான், புயலோட நடுவுல இருக்குற கண்ணைச் சுத்தி நிக்குற மேகச்சுவர்ல 14.5 கிலோமீட்டருக்கு மேல ஒரு மேகக் கோபுரம் எழும்பி நின்னா அடுத்த ஆறு மணி நேரத்துல புயல் வலுக்க ரெண்டு மடங்கு வாய்ப்புன்னு கண்டுபிடிச்சாங்க.

தரையிலதான் ரேடார் இருக்கேன்னு யாராவது வருவீங்க, நடுக்கடல்ல எங்க இருக்கு? ஆனா ஜிபிஎம் ஒரே இடத்துல நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும், அதனால மத்த சாட்டிலைட் கணக்கையும் சேத்து அரைமணிக்கு ஒரு மழை மேப் போடுறாங்க.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லதான், இருந்தாலும் மனசு ஆறல. வீடு வாங்குறப்போ இன்சூரன்ஸ் ஏஜென்ட் "நீங்க ஃப்ளட் ஸோன்லயே இல்ல, அந்த பாலிசி வேண்டாம்"னு அடிச்சுச் சொன்னாரு. சாதாரண வீட்டு பாலிசியில வெள்ளம் சேராதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன? சுவரை நாலடி உயரத்துக்கு அறுத்து எடுத்து ஷீட்ராக்னு சொல்ற ஜிப்சம் பலகையை மாத்துனோம், மொத்தமும் கைக்காசு.