தம்பியின் மனசை நான் எழுதலாமா?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பிக்கு 27 வயது. எதைக் கேட்டாலும் “ஆமா” என்பான். அவன் மனநிலை பற்றிய படிவத்தை மருத்துவர் என்னை நிரப்பச் சொல்கிறார். நான் எழுதினால் சரியாக இருக்குமா?

பதில்: பாதி சரியாக இருக்கும், அக்கா. தூக்கம், சாப்பாடு, அழுகை, கோபம் என்று கண்ணுக்குத் தெரிவதை நீங்கள் நன்றாகவே சொல்வீர்கள். பயமும் துக்கமும் உள்ளே நடப்பவை. அங்கேதான் வீட்டார் கணிப்பு அடிக்கடி தவறுகிறது. நமக்கு மனசு சரியில்லாத வாரத்தில் நாம் பார்த்துக்கொள்பவரும் வாடியிருப்பதாகத் தோன்றும், கவனித்திருக்கிறீர்களா?

அதனால் “சோகமாக இருக்கிறான்” என்று எழுதாதீர்கள். “பாட்டு போட்டால் எழுந்து போய்விடுகிறான், முன்பு கூடவே பாடுவான்” என்று எழுதுங்கள். அவனிடமும் கேளுங்கள். “சோகமா?” என்றால் “ஆமா”தான் வரும். சிரித்த முகம், வாடிய முகம் இரண்டு படம் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற்றிக் காட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே முகத்தைத் தொட்டால் அது அவன் பதில்.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் மனச்சோர்வை அளக்க 2003-இல் வந்த கிளாஸ்கோ மனச்சோர்வு அளவுகோலில் அவர்களுக்கு ஒரு படிவம், பராமரிப்பவருக்குத் தனியாக ஒன்று. அப்படி அவனுக்கும் ஒன்று தரமுடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் உங்களுடையதை வைத்து அவனுடையதைத் திருத்த வேண்டாம். அப்படியே கொடுங்கள்.