சமையல்கட்டுச் சுவர்

*வணக்கம் சார். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சிறுமலை அடிவாரத்தில் அப்பத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரு ரெசிடென்சி, அதாவது தங்கி வேலை செய்ய ஓர் இடம், தொடங்க ஆசை. எட்டுக் குடில்கள், சோலார், மழைநீர்த் தொட்டி, மண் கட்டடம். வெளிநாட்டுக் கலைஞர்களும் வருவார்கள், ஆளுக்குப் பத்து நாள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஊர்க்காரர்களுக்கு வாரம் ஒரு கலைப் பயிலரங்கு. கட்டடத்துக்கு என் சேமிப்பு போதும். மற்றதற்கு நல்கை கேட்கலாம் என்றிருக்கிறேன். சுற்றுச்சூழல், சமூகம், நிதி மூன்றிலும் இது நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும்?*

*க., பெங்களூர்*

அன்புள்ள க.,

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய கண்காட்சிக் கையேடு அகப்பட்டது. தூக்கிப் போட மனமில்லை, திரும்ப உள்ளே வைக்கக் கூச்சம். மேசையிலேயே கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வருகிறது.

தோப்பை மனை போட்டு விற்காமல் இப்படியொரு யோசனை உங்களுக்கு வந்ததே, அதற்கு உங்கள் அப்பத்தாவைத்தான் கும்பிட வேண்டும்.

சோலார் போடுங்கள். மண் சுவரைப் பற்றி நல்ல கொத்தனாரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். ஆனால் எட்டுக் குடில் எதற்கு? நகரக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர். எட்டுப் பேருக்கு 1,080. ஆயிரம் அடி போட்டும் புழுதி பறக்கிற வட்டாரம் அது. பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் தொட்டி நிரம்பி வழிவதை எந்தக் கண்ணால் பார்ப்பார்? பத்து நாளுக்காக ஐரோப்பாவிலிருந்து ஒருவரை வரவழைத்தால், அவர் வந்துபோன விமானப் புகைக்கு ஈடாக உங்கள் சோலார் தகடு எத்தனை நாள் வெயில் காய வேண்டும்? இன்ஜினியர்தானே, நீங்களே போட்டுப் பாருங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து சேரக்கூடிய மூன்று பேர், மூன்று மாதம். போதும். எனக்கெல்லாம் புது இடத்தில் தூக்கம் வரவே பத்து நாள் ஆகும்.

அந்தப் பயிலரங்கை மட்டும் விட்டுவிடுங்கள். திருவிழாவில் வள்ளித் திருமணம் போட்டால் விடிய விடிய உட்கார்ந்து, நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது யார் சறுக்கினார் என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்கிற ஜனங்கள் அவர்கள். நீங்கள் போய் அவர்களுக்குக் கலையை அறிமுகப்படுத்தப் போகிறீர்களா? கர்நாடகத்தில் ஹெக்கோடு என்கிற பாக்குத் தோட்ட ஊரில் 1949இல் நீனாசம் என்கிற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அதை வளர்த்தெடுத்த கே.வி. சுப்பண்ணா அந்த ஊர்க்காரர். ஊர்க்காரர்களே நடித்தார்கள், ஊர்க்காரர்களே பார்த்தார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சாப்பாடு இலவசம் என்று இருக்கிறது. யார் சமைப்பார் என்று எங்கேயும் இல்லை.

இருபது வருஷம் இருக்கும். மலையூர் ஒன்றில் ஒரு ரெசிடென்சியில் ஆறு வாரம் இருந்தேன். பெயர் வேண்டாம். பதினொரு பேருக்கும் ஒரே ஒரு அக்காதான் சமையல். விடியுமுன் தூக்குவாளியில் பாலோடு ஏறி வருவார். பால், விறகு, மாவு அரைக்கிற கூலி எல்லாம் முதலில் அவர் கைக்காசு, பிறகு அலுவலகம் தரும் என்பது ஏற்பாடு. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் அடுப்புக்கரியால் குறித்துவைப்பார். ஒரு லிட்டருக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. அரைவைக்கு ஒரு வட்டம். விறகுக்கட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. இடுப்பு உயரத்தில் தொடங்கி அவர் கை எட்டுகிற வரை ஏறியிருந்தது.

எங்களோடு இருந்த புகைப்படக்காரர் அதைப் பார்த்துவிட்டார். “என்ன ஒரு தாளம்!” என்றார். காலை வெளிச்சத்துக்காக இரண்டு நாள் காத்திருந்து எடுத்தார்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் அக்கா வரவில்லை. பள்ளிச் சீருடையில் அவர் மகன் வந்தான். “அம்மா தூக்குவாளிய வாங்கிட்டு வரச் சொன்னுச்சு” என்றான். வாங்கிக்கொண்டு போகவில்லை. கதவை மூடிவிட்டு, சுவரைப் பார்த்துப் பார்த்து நோட்டில் கோடுகளை எழுத ஆரம்பித்தான். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, சுவரில் இருந்ததும் வரவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டோம். நல்கை வந்திருக்கிறதாம், ஆனால் கட்டடத்துக்கும் கேமராவுக்கும்தானாம். சம்பளத் தலைப்பில் பணம் இல்லையாம். எங்களுக்குள் வசூல் செய்து கொஞ்சம் கொடுத்தனுப்பினோம். பிறகு ஆளாளுக்கு உப்புமா கிண்டினோம்.

அந்தச் சுவர் நகரத்தில் நாலடிப் படமாகத் தொங்கியது. கையேட்டில் அதற்குக் குறிப்பு எழுதியவன் நான். ‘மலைப்பெண்ணின் அனிச்சையான கோட்டோவியம்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் நோட்டில் எழுதியதைப் பார்த்த பிறகு எழுதியது.

அதனால் சம்பளத்திலேயே நிற்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். கட்டடத்துக்குப் பணம் தருகிறவர் கல்வெட்டில் பெயர் வரும் என்று தருவார். கலைஞருக்குத் தருகிறவர் புகைப்படத்துக்காகத் தருவார். ஒரு சமையல்காரருக்கு மாதம் 15,000 என்றால் பத்து வருஷத்துக்கு 18 லட்சம். அதற்குக் காசோலை எழுத ஆள் கிடைப்பது அபூர்வம். ஒரு வருஷம் எழுதுவார், அடுத்த வருஷம் அவருடைய ஆர்வம் ஆமைக்குஞ்சுக்குப் போய்விடும்.

ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதே, எப்படி? சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகு பூசு, சாயத்தில் தோய், மெழுகை உருக்கி எடு, விற்பனைக்கு வை. கைவினைப் பொருள் விற்ற அந்தக் காசில்தான் நிலம் வாங்கினார்கள். பணிக்கர் 1977இல் போய்விட்டார், கிராமம் இருக்கிறது. அமெரிக்காவில் 1907இல் தொடங்கிய மெக்டவல் கலைஞர் குடியிருப்பும் அப்படித்தான். மறு வருஷமே கணவர் இறந்துபோக, மரியன் மெக்டவல் என்கிற அந்த அம்மாள் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பணம் திரட்டினார். அங்கே ஒவ்வொரு கலைஞரின் கதவருகிலும் மதிய உணவுக்கூடையை வைத்துவிட்டுப் போவார்கள் என்று எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்குக் கூடையை விட அதை நிரப்பக் காசு எங்கிருந்து வந்தது என்பதில்தான் அக்கறை.

உங்களுக்கு மெழுகும் வேண்டாம், பியானோவும் வேண்டாம். மாமரம் நிற்கிறது. காய்ப்பைக் குத்தகைக்கு விட்டு வருகிற பணத்தைச் சமையல்கட்டுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். குடிலுக்காக ஒரு மரத்தைக்கூட வெட்டாதீர்கள். ஐந்து குடிலைக் குறைத்தால் மிச்சமாகிற பணத்தையும் வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். ஏழு சதவீத வட்டி என்றால் 26 லட்சத்துக்கு ஒரு வருஷச் சம்பளம் வந்துவிடும். சம்பளம் வருஷா வருஷம் ஏற வேண்டும், அந்த ஏற்றத்தை மாமரம் பார்த்துக்கொள்ளட்டும். காய்க்காத வருஷம் உங்கள் பெங்களூர்ச் சம்பளம் இருக்கிறது.

தோப்பு என்ன குத்தகைக்குப் போகும் என்று திண்டுக்கல் வியாபாரி யாரிடமாவது விசாரித்து எழுதுங்கள். மா என்ன ரகம், காசாவா செந்தூரமா என்றும் எழுதுங்கள்.