சீருடையைக் கழற்றிய பின் பேசுபவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்க மரைன் படையின் மேஜர் ஜெனரல் ஸ்மெட்லி பட்லரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பங்கள் குறைவு. என் அப்பா 1971 போரில் இருந்தவர். பட்லர் 33 ஆண்டுகள் சம்பளமும் பதக்கங்களும் வாங்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற பின் போர் என்பது சிலருடைய லாபத்துக்காக நடக்கும் மோசடி என்று பேசியது என்ன நேர்மை? பணியில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டாமா? இப்படிப்பட்டவர்களை நீங்கள் கொண்டாடும்போது என் அப்பாவைப் போன்றவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்பா போரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. படையில் சேர விரும்பும் பிள்ளைகள் இதையெல்லாம் படித்தால் குழம்பிவிட மாட்டார்களா?

எஸ்.,
குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்குப் பட்லரே பதில் சொல்லியிருக்கிறார். படையில் இருக்கும் எல்லோரையும் போலத் தனக்கும் பணியை விட்டு வெளியே வரும்வரை சொந்தமாக ஒரு சிந்தனைகூட இருந்ததில்லை என்றும், மேலிடத்துக் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்திருந்த காலமெல்லாம் தன் அறிவு செயலற்றுக் கிடந்தது என்றும் 1935இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவர் எழுதினார். 1898இல், பதினாறு வயதில் படையில் சேர்ந்தவர் அவர். அதே கட்டுரையில், 1914இல் மெக்சிகோவை அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பான இடமாக்கியதில் தன் பங்கையும், ஹெய்தியில் ஒரு வங்கி வசூல் நடத்துவதற்கும் ஹோண்டுராசில் பழ நிறுவனங்கள் தொழில் நடத்துவதற்கும் தான் செய்துகொடுத்த வேலையையும் வரிசையாகக் குறிப்பிடுகிறார். பணியில் இருந்துகொண்டு இதைச் சொல்லியிருக்க முடியுமா? 1931 தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைப் பழித்துப் பேசினார் என்பதற்கே அவரைக் காவலில் வைத்து ராணுவ விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். பின்னர்தான் அதைக் கைவிட்டார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

பட்லரிடம் எனக்கு வேறொரு குறை உண்டு. முந்தைய கட்டுரையில் அதற்கு இடமில்லாமல் போனது. ஹெய்தி அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தபோது அங்கே அமெரிக்கர்கள் உருவாக்கிய காவல்படையின் முதல் தலைவர் அவர்தான். சாலை போடுவதற்காக 1864ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கிராமத்து உழவர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போனது அந்தக் காவல்படை. அந்தக் கொடுமையிலிருந்து ஒரு கிளர்ச்சியே வெடித்தது. வங்கிக்கு என்ன கிடைத்தது என்பதைப் பின்னாளில் அத்தனை துல்லியமாகக் கணக்குப் பார்த்த பட்லர், அந்த உழவனுக்குத் தன் படை செய்ததை அதே துல்லியத்தோடு எழுதவில்லை. ஆகவே போரில் லாபம் யாருக்குப் போனது என்று அறிய அவரிடம் போகலாம். போர்க்காலத்தில் ஒரு சாதாரண மனிதனின் கை என்ன செய்தது, அதைப் பின்னாளில் அவன் எப்படித் தன் வாயால் சொன்னான் என்று அறிய நான் இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய ராணுவத்தில் இருந்த சிலரிடம்தான் போவேன்.

கென் யுவாசா என்ற மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் பிறந்த அவர், 1942இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இருந்த ஜப்பானிய ராணுவ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். வந்த சிறிது காலத்திலேயே அறுவைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. கைகள் கட்டப்பட்ட இரண்டு சீனர்கள் அறையில் நின்றார்கள். ஒருவர் தானாக நடந்து மேசையில் ஏறிப் படுத்தார். வயதில் மூத்த மற்றவர் அழுதுகொண்டே பின்வாங்கினார். அவரை முன்னே தள்ளியது யுவாசாவின் கை. மயக்க மருந்து தருகிறோம், வலிக்காது, தூங்கு என்று ஒரு செவிலி அரைகுறைச் சீனத்தில் அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, எப்படிச் சமாளித்தேன் பார்த்தீர்களா என்பதுபோல யுவாசாவைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நோயில்லாத உடலிலிருந்து குடல்வாலை அகற்றினார்கள். கையைத் துண்டித்துப் பழகினார்கள். போர்முனையில் காயம்பட்டு வரும் வீரர்களுக்குச் சிகிச்சை செய்ய இளம் மருத்துவர்கள் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். இப்படி 14 பேரை அறுத்ததில் தனக்குப் பங்கிருந்தது என்று யுவாசா பின்னாளில் கூறினார்.

போர் முடிந்தும் சீனாவிலேயே தங்கியிருந்த அவரை 1951இல் கைது செய்தார்கள். கைதானபோது அவர் மனத்தில் பெரிய உறுத்தல் ஏதும் இருக்கவில்லை. செய்ததை மேலோட்டமாக எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு, அவர்கள் அறுத்துக் கொன்ற ஒருவரின் தாய் எழுதிய கடிதம் சிறையில் அவரிடம் காட்டப்பட்டது. மகனை ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துப்போனதையும், அவனை ஏற்றிய வண்டியின் பின்னால் ஓடியும் பழைய சீன வழக்கப்படி சிறுவயதில் கட்டி ஒடுக்கப்பட்ட தன் பாதங்களால் அதை எட்ட முடியாமல் போனதையும், அவனை உயிரோடு அறுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டுச் சோறு இறங்காமல் அழுதுகிடந்ததையும் அந்தத் தாய் எழுதியிருந்தார். அதுவரை யுவாசாவுக்கு அது ஒரு பயிற்சி வகுப்பு; அதன் பிறகுதான் மேசையில் கிடந்தவருக்கு வீடும் தாயும் இருந்தது அவருக்கு உறைத்தது.

1956இல் விடுதலையாகி ஜப்பான் திரும்பிய அவரை வரவேற்க, அதே ராணுவ மருத்துவமனையில் உடன் வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். உங்களைப் போய் ஏன் போர்க்குற்றவாளி ஆக்கினார்கள் என்று அவர்கள் உண்மையாகவே வியந்து கேட்டார்கள். கேட்டவர்கள் அந்த அறையை அறிந்தவர்கள். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. அந்த நாள் அவர்கள் நினைவிலேயே இல்லை. பணியில் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்ற உங்கள் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சொல்ல வேண்டுமானால் முதலில் அது குற்றமாகத் தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் எல்லோரும் கடமை என்று செய்துகொண்டிருக்கும் இடத்தில் அப்படித் தெரிவது மிகவும் அரிது.

யுவாசாவைப் போல ஏறத்தாழ ஆயிரம் பேர் சீனச் சிறைகளில் இருந்தார்கள். அவர்களில் 969 பேர் 1950இல் சோவியத் யூனியனால் ஒப்படைக்கப்பட்டு ஃபூஷுன் நகரச் சிறைக்கு வந்தவர்கள். மொத்தத்தில் 45 பேர் மீது மட்டுமே வழக்குத் தொடரப்பட்டது. ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை. நாடு திரும்பியவர்கள் 1957இல் சங்கம் அமைத்து, தாங்கள் செய்த கொலைகளையும் கொளுத்திய கிராமங்களையும் வல்லுறவுகளையும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். கம்யூனிஸ்டுச் சிறையில் மூளைச்சலவை செய்து அனுப்பிவிட்டார்கள் என்று ஜப்பானில் பலர் ஏசினார்கள். அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் விடுதலை கிடைக்கும் என்ற நிலையில் பிறக்கும் வாக்குமூலத்தைக் கவனமாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விடுதலைக்குப் பின் அவர்களைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. பேசாமல் இருந்திருந்தால் வேலையும் அக்கம்பக்கத்தாரின் மதிப்பும் சேதமில்லாமல் இருந்திருக்கும். இருந்தும் முதுமையால் 2002இல் சங்கம் கலையும் வரை அவர்கள் பேசினார்கள். அவர்களில் இருவர், யசுஜி கனேகோவும் யோஷியோ சுசுகியும், எண்பது வயதில், ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைமுறையை விசாரிக்க 2000 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த பெண்கள் தீர்ப்பாயத்தின் முன் தாங்கள் செய்த பாலியல் வன்முறையைச் சொன்னார்கள். ஜப்பானிய ராணுவத்தால் சீரழிக்கப்பட்ட பெண்கள் அப்போது அந்த அவையில் இருந்தார்கள். ஓய்வுக்குப் பின் பேசுவது எளிது என்று எண்ணுபவர்கள் அந்த அவையில் எழுந்து நிற்பதைக் கற்பனை செய்து பார்க்கட்டும்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நான் சொன்னவர்கள் எல்லோரும் தன்மையில் பேசியவர்கள். நான் செய்தேன் என்றார்களே தவிர, படைக்குப் போன எல்லோரும் செய்தார்கள் என்று சொல்லவில்லை. யுவாசாவின் சாட்சியத்தைக் கொண்டு வேறொரு நாட்டில், வேறொரு போரில் இருந்த உங்கள் அப்பாவை எடைபோட யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவருடைய மௌனத்துக்குள் குற்றம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடன் இருந்தவர்களை இழந்த துயரமாக இருக்கலாம், கேட்பவருக்குப் புரியாது என்ற எண்ணமாகவும் இருக்கலாம். அதே 1971 போரில் ஐஎன்எஸ் பியாஸ் கப்பலுக்குத் தலைமை தாங்கி வீர் சக்ரா பெற்ற அட்மிரல் ராம்தாஸ், கடற்படைத் தளபதியாக இருந்து 1993இல் ஓய்வு பெற்ற பின் அணு ஆயுதங்களுக்கு எதிராகவும் பாகிஸ்தான் மக்களோடு நட்புக்காகவும் கடைசிவரை பாடுபட்டார். 2004இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஐ. ஏ. ரஹ்மானோடு சேர்த்து அவருக்கு மகசேசே விருது அளிக்கப்பட்டது. போரிட்டதற்காக அவர் வெட்கப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அடுத்த போர் வேண்டாம் என்று சொல்ல, முந்தைய போரில் நின்ற அனுபவமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் குழம்புவார்கள் என்கிறீர்கள். குழம்பட்டும். பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகும் பையனுக்கு ஓட்டத்தையும் மார்பளவையும் பற்றி எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். தவறென்று தெரியும் கட்டளை ஒன்று வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முதுமையிலும் யுவாசா கூட்டங்கள்தோறும் போய்ப் பேசியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து படைக்குப் போகும் பிள்ளை அவருடைய சாட்சியத்தைப் படித்துவிட்டுப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அப்பாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். பேசச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம்.