கேள்வி நேரம்

கேள்வி: குழந்தைகள் உரிமைகளை அரசு காக்கிறதா என்று ஐ.நா. பார்க்கிறதாமே? அரசே எழுதித் தரும் அறிக்கையை எப்படி நம்புவது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் எங்கள் தண்ணீர்ப் பானைக்கு மூடி கிடைத்துவிடும். அதனால் உங்கள் சந்தேகம் எனக்குப் புரிகிறது.

ஜெனீவாவில் கூடும் ஐ.நா.வின் 18 நிபுணர்கள் குழுவுக்கும் இது தெரியும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், தாமதம் சகஜம். கூடவே தொண்டு நிறுவனங்களின் மாற்று அறிக்கைகளையும் குழு வாங்கிப் படிக்கிறது, குழந்தைகளிடமே கேட்கிறது. பிறகுதான் அரசுப் பிரதிநிதிகளை உட்காரவைத்துக் கேள்வி.

1992இல் சேர்ந்த இந்தியா, குழந்தை உழைப்பைப் படிப்படியாகத்தான் ஒழிக்க முடியும் என்று 32ஆம் பிரிவுக்கு விளக்கம் எழுதிக்கொடுத்தது. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று குழு கேட்டது.

தண்டிக்கும் அதிகாரம்? கிடையாது. பரிந்துரை மட்டுமே. ஆனால் அது பகிரங்க ஆவணம். உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரிடம் நீங்களே எடுத்துப்போய்க் காட்டலாம்.