ஓட்டியோடு முதலில் கதையுங்கள்

கமராக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்புத்தண்ணி வாசம். பாசிக்குடா, கல்லடி, உல்லை (அறுகம்பே) என்று கரைக்கு ஒன்று. கல்முனையில் முப்பது வருடம் கலியாண வீட்டுப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரனிடம் போட்டில் இருந்து படம் எடுப்பதைப் பற்றிக் கேட்கிறார்களே என்று எங்கள் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு. கடையை மகனிடம் கொடுத்த பிறகு நான் போட்டுக்குள் கழித்த நேரம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். உப்புப் பிடித்த சாரங்களைத் தோய்த்தவர் அவர்.

*கேள்வி: அண்ணா, என்ட மச்சான் பாசிக்குடாவில ஜெட் ஸ்கீயும் பனானா போட்டும் ஓட்டுறார். விளம்பரத்துக்குப் படம் கேட்டார். இன்னொரு போட்டில ஏறி முந்நூறு படம் எடுத்தன். ஆறுதான் தேறிச்சு. மிச்சமெல்லாம் கலங்கல், இல்லாட்டி கடல் சரிஞ்சு கிடக்கு. 70–300 லென்ஸ், ஷட்டர் 1/500 செக்கன். கமராவ மாத்த வேணுமா? – வாசகர், வாழைச்சேனை*

கமராவை விற்றுவிடாதீங்க தம்பி. இரண்டு பக்கக் கடிதத்தில் லென்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீங்க. போட் ஓட்டினவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குது.

என் வலப் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கண் வியூஃபைண்டரில் ஒட்டியிருந்த நேரம் ஓட்டி போட்டைக் கிறுக்கினார், சட்டென்று திருப்பினார்; கமரா புருவத்தில் வந்து இடித்தது. மூன்று தையல். அவரில் பிழை சொல்ல மாட்டேன். ஏறும்போது "போவம்" என்றதைத் தவிர நான் அவரிடம் ஒன்றும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு கரையில் வைத்தே மூன்று சொல் பேசிக்கொள்வேன். "பிடி" என்றால் இதே வேகம், இதே நேர். "மெல்ல" என்றால் வேகம் குறை. "கிறுக்கப்போறன்" என்பது அவர் எனக்குச் சொல்ல வேண்டியது, கிறுக்குவதற்கு முன்னால். எஞ்சின் சத்தத்தில் வசனம் பேச முடியாது.

இனி இருக்கிற இடம். அணியத்தில், அதாவது போட்டின் முன்நுனியில், நின்றால் படத்தில் வரும் கமராக்காரன் மாதிரி இருக்கும், ஆனால் அதிகம் தூக்கிப் போடுவதும் அங்கேதான். நடுவுக்குச் சற்றுப் பின்னால், தரையில் மடித்த சாக்குப் போட்டு முழந்தாளில் இருங்க. முழங்கை விலாவோடு சேரட்டும். போட் விளிம்பில் கையையோ லென்ஸையோ ஊன்றக் கூடாது. கரையில் மதில் உதவும், போட்டில் விளிம்பு எஞ்சினின் நடுக்கத்தை நேரே கமராவுக்கு ஏற்றும். உங்கள் உடம்புதான் ஸ்பிரிங். லைஃப் ஜக்கட்டைப் போட்டுக்கொள்ள வேணும், குந்தியிருக்க அல்ல.

1/500 கரைக்குப் போதும், குதிக்கிற போட்டில் 300 மி.மீ. லென்ஸுக்குக் காணாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துவாரம் எஃப் 5.6 வைத்தால் 1/3200 வரை கிடைக்கும். காலை ஏழரை வெளிச்சத்தில் அதில் பாதி, 1/1600 என்று வையுங்க. ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து 100இலேயே நிற்கிற ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். புள்ளி விழுந்த சிரிப்பை விளம்பரத்தில் போடலாம். கலங்கின சிரிப்பை என்ன செய்வது?

300க்கு இழுப்பதையும் விடுங்க. 120, 150இல் வைத்து, பதினைந்து இருபது மீற்றர் தள்ளிப் பக்கவாட்டாக ஒரே வேகத்தில் ஓடச் சொல்லுங்க. இரண்டும் ஒரே வேகம் என்றால் உங்களுக்கு அவர்கள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறார்கள். எஞ்சியிருப்பது மேலும் கீழுமான ஆட்டம் மட்டும். அலையில் ஏறி, விழுவதற்கு முன் போட் ஒரு கணம் தொங்கி நிற்கும். அப்போது அமத்துங்க. ஃபோகஸ் தொடர் நிலையில், நடுப் புள்ளியில் இருக்கட்டும்; கமராவைத் தன்போக்கில் விட்டால் முகத்தை விட்டுவிட்டுத் தூவானத்தைப் பிடிக்கும். சில நிக்கொன் லென்ஸ்களில் 'ஆக்டிவ்' என்றொரு விஆர் (நடுக்கம் குறைக்கும்) நிலை உண்டு, ஓடும் வாகனத்திலும் போட்டிலும் நின்று எடுப்பவர்களுக்கென்றே வைத்தது. உங்கள் லென்ஸின் பக்கத்தில் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்க.

கடல் சரிவது எல்லாருக்கும் வருவதுதான். சுற்றி இடம் விட்டு எடுத்து, வீட்டில் நிமிர்த்தி வெட்டுங்க.

வெள்ளை நுரையும் மினுங்கும் தண்ணியும் கமராவை ஏமாற்றும், ஆட்களின் முகம் கறுத்துப்போகும். முதல் ஐந்து படத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கையால் பூட்டிவிடுங்க. சூரியன் முகிலுக்குள் போகும்வரை அதைத் தொட வேண்டாம்.

இரண்டு விசயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். "நேரே கமராவப் பாத்து வந்து கடைசியில் வெட்டு" என்று ஜெட் ஸ்கீக்காரரிடம் ஒருபோதும் கேட்காதீங்க. ஜெட் ஸ்கீயைத் திருப்புவது பின்னால் பீச்சும் தண்ணிதான். பயந்து த்ரொட்டிலை விட்டால் ஹேண்டில் திரும்பும், வண்டி திரும்பாது. விட்ட நேரிலேயே வந்து உங்களில் ஏறும். மற்றது, பனானா போட்டை (ஆட்கள் ஏறியிருக்கும் காற்றடித்த மிதவை) இழுக்கிற போட்டில் நீங்கள் ஏறினால், பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேறொரு ஆள் கட்டாயம் இருக்க வேணும். கமராக்காரன் அந்த ஆள் இல்லை. ஒருவர் விழுந்தால் எங்களுக்கு முதலில் விரல்தான் அசையும், வாய் அல்ல. அந்த வெட்கத்தை நான் பட்டிருக்கிறேன்.

*கேள்வி: மட்டக்களப்பு வாவியில் எங்கள் பெண் பிள்ளைகள் கயாக் ஓட்டுவதைப் படம் எடுக்கிறேன். ஆள் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் ஓடும் படம் எப்படி? கரையில் நின்று கமராவைச் சுழற்றிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. – வாசகி, கல்லடி*

கயாக் மெல்லப் போகிறது தங்கச்சி, அதுதான். மோட்டார் சைக்கிளுக்கு 1/60 போதும். துடுப்பு வலிக்கும் பிள்ளைக்கு 1/30, 1/15 என்று இறங்க வேணும். அந்த வேகத்தில் எஞ்சின் போட் சரிவராது, நடுக்கம் எல்லாவற்றையும் கலக்கிவிடும். இரண்டு பேர் வலிக்கிற தோணி ஒன்றைப் பிடித்து, கயாக்குக்குச் சமாந்தரமாக எட்டு மீற்றர் தள்ளிப் போங்க. பின்னணி கிட்ட இருந்தால்தான் கோடு விழும். தூரத்துக் கரை எவ்வளவு மெதுவான ஷட்டருக்கும் அசையாது. கண்ணா மரங்கள் (சதுப்புநில மரங்கள்) நெருங்கி நிற்கிற ஓரம் நல்லது. 1924இல் திறந்த கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் நல்லது. பாலத்துக்குக் கீழே ஒருதரம் போய் வந்தால் நாற்பது படத்தில் குறைந்தது இரண்டு தேறும். இரண்டு போதும்.

காலையில் வெள்ளென போங்க. ஆனி ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் வாவி முழுக்கச் சிற்றலை. வலைக்கம்புகளையும் பார்த்துப் போங்க, அது ஒருவரின் அன்றாடச் சோறு. (வாவிக்குள் இருந்து கேட்கும் என்று சொல்கிற பாடும் மீனைப் படம் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீங்க. நிலாவில் தோணியை நிறுத்தித் துடுப்பில் காதை வையுங்க, கமரா வீட்டில் இருக்கட்டும்.)

*கேள்வி: உல்லையில் சர்ஃப் செய்பவர்களைப் போட்டில் இருந்து எடுத்தால் கிட்டப் போகலாமே? எங்கட காக்கா (அண்ணன்) போட் வைத்திருக்கிறார். – வாசகர், பொத்துவில்*

கிட்டப் போகலாம். போய் முதுகைத்தான் எடுப்பீங்க. அலையின் முகம் கரையைப் பார்த்தது, வெளிக்கடலில் நிற்கிற உங்களுக்குத் தெரிவது அதன் பிடரி. 2019இல் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்று நடந்த அந்த முனையில் அலை முனையிலிருந்து குடாவுக்குள் உருண்டு வரும். அது உடைந்து ஓய்கிற ஓரத்துக்குப் பக்கத்தில் ஆழத் தண்ணி இருக்கிறது, போட் நிற்கக் கூடிய இடம் அது ஒன்றுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேணும், அணியம் கடலைப் பார்த்திருக்க வேணும், நங்கூரம் போடவே கூடாது. பெரிய அலைகள் தொகுதியாக அடுத்தடுத்து வரும்போது காக்கா "போவம்" என்றால் கேள்வி கேட்காமல் குந்துங்க. நாள்தோறும் அந்தக் கரையில் போட் இறக்குகிறவருக்குத் தெரியாத அலை இல்லை. அலைக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளிடமும் முதலே சொல்லிவிடுங்க. கேட்காமல் வந்து நிற்கிற போட்டைக் கண்டால் அவர்களுக்கு ஆத்திரம் வரும், நியாயமும்தான்.

என்னைக் கேட்டால், பத்தில் எட்டு நாள் முனையில் கரையில் நின்று 400 மி.மீ. லென்ஸால் எடுப்பேன். மிச்ச இரண்டு நாளுக்குப் போட்.

*கேள்வி: கமராவில் கடல் தண்ணி பட்டுவிட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறேன். சரிதானே? – வாசகர், அக்கரைப்பற்று*

அரிசியைச் சோறாக்குங்க. கமராவை நிறுத்தி, பற்றறியையும் கார்டையும் கழற்றுங்க. லேஞ்சியை (கைக்குட்டையை) நல்ல தண்ணியில் நனைத்து இறுக்கிப் பிழிந்து, உப்புப் போகும்வரை வெளிப்பக்கம் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொருதரம் துடையுங்க. தண்ணி உள்ளே போயிருந்தால் கமராவை இயக்கிப் பார்க்க ஆசைப்படாமல் அப்படியே திருத்துகிறவரிடம் கொண்டுபோங்க, நாளைக்கல்ல, இன்றைக்கே. அடுத்த முறை ஷொப்பிங் பை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, ரப்பர் பட்டியால் இறுக்கிக்கொண்டு ஏறுங்க. போட்டுக்குள் லென்ஸ் மாற்றத்தான் வேணும் என்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்க, திட்டி ஒரு கடிதம் போடுகிறேன்.